ஐந்து பேப்பர், ஒரு குசினி: பத்திரிகை யாருடையது என்று ஏன் கேட்க வேண்டும்?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் முடிவெட்ட ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தில் நாட்டு அரசியல் முழுவதையும் கேட்டு முடித்துவிடலாம். அங்கே வாராவாரம் தவறாமல் விழுகிற இரண்டு வசனங்கள் உண்டு. "எல்லாப் பேப்பரும் வித்துப்போட்டாங்கள்" என்பது ஒன்று. "இப்ப உண்மை எல்லாம் யூடியூப்பிலதான் வருது" என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இரண்டும் பாதி பிழையும்கூட. பத்திரிகைக்கு ஒரு முதலாளி இருப்பதால் நடைமுறையில் என்ன நடக்கிறது, 'சுயாதீன ஊடகம்' என்றால் எதிலிருந்து சுயாதீனம் என்று சலூனிலும் கேட்பதில்லை, படித்தவர்கள் கூடுகிற இடங்களிலும் பெரிதாகக் கேட்பதில்லை. அதனால் அடியிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். ஊடகத்துறைக்குள் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

## கடை ஐந்து, குசினி ஒன்று

காலி வீதியில் வரிசையாக ஐந்து சாப்பாட்டுக் கடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சைவக்கடை, ஒன்றில் கொத்து, இன்னொன்றில் பிரியாணி. பெயர்ப்பலகை வேறு, மேசைவிரிப்பு வேறு. பின்பக்க ஒழுங்கையால் போய்ப் பார்த்தால் ஐந்துக்கும் ஒரே குசினி, ஒரே முதலாளி. தேங்காய் விலை ஏறுகிற அன்றைக்கு ஐந்து கடையிலும் சம்பல் காணாமல் போகும். முதலாளிக்கும் மீன் வியாபாரிக்கும் மனத்தாங்கல் என்றால் அந்த வரிசையில் எங்குமே மீன் கிடைக்காது. வாசலில் நிற்கிற உங்களுக்கு ஐந்து தெரிவு இருப்பதாகத்தான் தோன்றும்.

பத்திரிகை விஷயத்திலும் குசினியைத்தான் எண்ண வேண்டும். ஒரு நாட்டில் வாசிக்கப்படும் பத்திரிகைகளில் பெரும்பங்கு ஒரு சிலரின் கைக்குள் சேர்ந்துவிடுவதை உடைமைக் குவிப்பு என்பார்கள். அந்தச் சிலரே வானொலி, தொலைக்காட்சி என்று மற்றவற்றையும் சேர்த்து வைத்திருந்தால் அது குறுக்கு உடைமை. இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் போதும்.

சரி, கொழும்பில் குசினிகளை எண்ணிப் பார்ப்போம். பேரை ஏரிக்குப் பக்கத்தில் நிற்கிற லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை உருவாக்கியவர் டி. ஆர். விஜேவர்தன. 1918-இல் டெய்லி நியூஸ், 1932-இல் நம்முடைய தினகரன் எல்லாம் அவர் காலத்தவை. அவருடைய மகன் ரஞ்சித் விஜேவர்தன 1979-இல் தொடங்கியது விஜய நியூஸ்பேப்பர்ஸ். லங்காதீப, சண்டே டைம்ஸ், டெய்லி மிரர், தமிழ் மிரர் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. டி. ஆரின் தம்பி மகனோ அண்ணன் மகனோ, எப்படியும் உடன்பிறந்தவரின் மகன்தான், உபாலி விஜேவர்தன. அவர் 1981-இல் தொடங்கியது உபாலி நியூஸ்பேப்பர்ஸ், அதாவது ஐலண்டும் திவயினவும். டி. ஆரின் மகள் வயிற்றுப் பேரன் ரணில் விக்கிரமசிங்க. ரஞ்சித்தின் மகன் ருவன் விஜேவர்தன 2015-க்குப் பிறகு பாதுகாப்பு இராஜாங்க அமைச்சராக இருந்தவர். ஆக, நாட்டின் மூன்று பெரிய பத்திரிகை நிறுவனங்கள் ஒரே வம்சத்தில் முளைத்தவை.

இதைக் கேட்டதும் "பார்த்தீங்களா, எல்லாம் ஒரே ஆட்கள்" என்று குதிக்க வேண்டாம். ஐலண்டும் டெய்லி மிரரும் ஒரே மாதிரி எழுதியவை அல்ல. போர்க்காலத்து ஐலண்டையும் சண்டே டைம்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சொந்தக்காரர்கள் ஒன்றுகூடிச் சதி செய்தார்கள் என்பதல்ல என் கதை. ஒரு தேசத்துக்குச் செய்தி சொல்கிற வேலை எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் நடந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

தமிழ்ப் பக்கம் மட்டும் விதிவிலக்கா என்றால், கிடையாது. வீரகேசரியை 1930-இல் தொடங்கியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெ. ரா. சுப்பிரமணியம் செட்டியார் என்ற வணிகர். யாழ்ப்பாணத்து உதயன் 1985 முதல் வருகிறது, அதை நடத்திய ஈ. சரவணபவன் 2010 முதல் பத்து வருடம் பாராளுமன்ற உறுப்பினர். பத்திரிகை முதலாளியும் அரசியல்வாதியும் ஒரே ஆளாக இருப்பது இந்தத் தீவில் எந்த மொழிக்கும் புதிதில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பத்திரிகைகளின் எண்ணிக்கை வேறு, உரிமையாளர்களின் எண்ணிக்கை வேறு. இரண்டாவது எப்போதும் சிறியது.

## ஏன் இப்படிச் சேர்ந்துவிடுகிறது?

ஆளுக்கொரு பத்திரிகை தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். இதைக் கலியாண வீட்டுச் சமையலோடு ஒப்பிட்டால் விளங்கும். சமையல்காரரைக் கூப்பிட்டு, அண்டா குண்டா வாடகைக்கு எடுத்து, அடுப்பு மூட்டுகிற செலவு, பத்துப் பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரத்தோராவது ஆளுக்கு ஆகிற செலவு ஒரு அகப்பைச் சோறு.

பத்திரிகையும் அப்படித்தான். நிருபர், ஆசிரியர், அச்சு இயந்திரம், கட்டிடம், விடியற்காலை மட்டக்களப்புக்கும் வவுனியாவுக்கும் கட்டுகளை ஏற்றிப் போகிற வாகனம், இவ்வளவும் ஒரு பிரதி அச்சிடுவதற்கு முன்னாலேயே வேண்டும். அதை முதற்பிரதிச் செலவு என்று சொல்வார்கள். இரண்டாவது பிரதிக்குக் காகிதமும் மையும்தான். எனவே நிறைய விற்பவருக்கு ஒரு பிரதி மலிவாக விழும், மலிவாக விற்பவரிடம் வாசகர் போவார், வாசகர் இருக்கிற இடத்துக்கு விளம்பரம் போகும், விளம்பரக் காசில் இன்னும் நல்ல நிருபரை எடுக்கலாம், பிறகு இன்னும் நிறைய விற்கும். சிறியவர் இந்தச் சுற்றுக்குள் நுழைவதற்கே மூச்சு வாங்கும். யாரும் திட்டம் போடாமலேயே பெரியவர் இன்னும் பெரியவர் ஆகிற வியாபாரம் இது.

தமிழுக்கு இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் மூவரையும் கூட்டினாலும் நாட்டுச் சனத்தொகையில் நாலில் ஒரு பங்கு அளவுதான். முதற்பிரதிச் செலவு அதே செலவு, அதைப் பங்கிடுகிற வாசகர்கள் குறைவு. இதற்கு மேலே, பத்திரிகைக் காகிதம் முழுக்க முழுக்க இறக்குமதி. 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் காகிதம் வராமல் போனபோது உபாலி நிறுவனம்கூட அச்சை நிறுத்தி இணையத்தில் மட்டும் வெளியிடப்போவதாக அறிவிக்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி என்றால் சின்னப் பேப்பர்களின் பாட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

## அரசாங்கம் எடுத்து நடத்தினால்?

முதலாளிதான் பிரச்சினை என்றால் அரசாங்கம் எடுத்துவிட்டால் போச்சு என்று சிலர் சொல்வார்கள். இதை நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். 1973-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் தனிச் சட்டம் கொண்டுவந்து லேக் ஹவுஸின் பங்குகளில் 75 வீதத்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற அரச அதிகாரியின் பெயருக்கு மாற்றியது. ஒரு குடும்பத்தின் கையில் குவிந்திருப்பதை மக்களிடம் பரவலாக்குவதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. காரணம் நல்ல காரணம்தான். ஆனால் பங்குகள் மக்களிடம் போய்ச் சேரவேயில்லை, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் திருப்பிக் கொடுக்கவுமில்லை. ஆட்சி மாறினால் தலைவர் மாறுவார், ஆசிரியர்கள் மாறுவார்கள், முதல் பக்கத்தில் சிரிக்கிற முகமும் மாறும். என் மாமா ஒருவர் தினகரனை முன்பக்கப் படத்துக்காக மட்டும் பார்ப்பார், "இப்ப ஆர் இருக்கினம் எண்டு தெரிஞ்சு கொள்ளத்தான்" என்பார்.

அரசாங்கத்தின் உடைமை, பொதுமக்களின் உடைமை என்ற இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகிற வினை இது. சொந்தக்காரர் அரசாங்கம் என்றால், அன்றைக்கு அரசாங்கத்தில் யார் இருக்கிறாரோ அவர்தான் முதலாளி. லேக் ஹவுஸை எடுத்த மறுவருடமே, 1974-இல், அதே அரசாங்கம் அவசரகால விதிகளைக் காட்டித் தவச நிறுவனத்தின் அச்சகத்துக்குச் சீல் வைத்தது. நம்முடைய தினபதியும் சிந்தாமணியும் அங்கிருந்து வந்தவைதான். 1977 வரை பூட்டு. முதலாளி இல்லாத பத்திரிகையைத் தேடிப் போனவர்களுக்கு ஒரேயொரு பெரிய முதலாளி மிஞ்சினார்.

## முதலாளி போன் எடுப்பதில்லை

எல்லாரும் கற்பனை செய்கிற காட்சி ஒன்று இருக்கிறது. முதலாளி ஆசிரியருக்குப் போன் எடுத்து "இந்தச் செய்தியைப் போடாதே" என்கிறார், ஆசிரியர் "சரி சேர்" என்கிறார். அப்படி நடக்காமல் இல்லை. ஆனால் அதற்குத் தேவை வருவது அரிது.

கொழும்பில் அனெக்ஸில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டுக்காரர் கீழே, நீங்கள் மேலே. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, இரவு பத்துக்குப் பிறகு ஆட்களைக் கூப்பிடக்கூடாது என்றும் சொன்னதில்லை. ஆனாலும் நீங்கள் ஆணி அடிப்பதில்லை, பத்தரைக்கு வந்த சிநேகிதனைச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறச் சொல்கிறீர்கள். யாரும் தடுக்காமல் நாமே நம்மைத் தடுத்துக்கொள்கிற இதற்கு ஊடகத்தில் சுயதணிக்கை என்று பெயர்.

தமிழ் நாளிதழ் ஒன்றில் வேலை செய்த நண்பன் ஒருவன் சொன்ன கதை இது, பத்திரிகையின் பெயர் வேண்டாம். தொடர்மாடி கட்டுகிற கம்பனி ஒன்று முற்பணம் வாங்கிவிட்டு வீடு கொடுக்காமல் இழுத்தடிக்கிறது என்று நாலு குடும்பங்களின் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்லா இருக்கு தம்பி, இடம் இல்லை, ஞாயிறு பாப்பம்" என்றார்கள். ஞாயிறு வந்தது, அரைப்பக்கத்துக்கு அதே கம்பனியின் விளம்பரமும் வந்தது. மூன்றாவது முறை இப்படி நடந்தபோது அவன் அந்த வகைச் செய்தி தேடிப் போவதையே விட்டுவிட்டான். இனி அவனைத் தடுக்க யாரும் தேவையில்லை.

கவனித்தீர்களா, இந்தக் கதையில் முதலாளி வரவேயில்லை. வந்தது விளம்பரம். ஒரு பேப்பரின் விலையாக நீங்கள் கடையில் கொடுக்கிற காசு அதன் செலவை மூடுவதில்லை, மிச்சத்தை விளம்பரம்தான் மூடுகிறது. இலங்கையில் பெரிய விளம்பரதாரர்களில் ஒருவர் அரசாங்கம். அரச வங்கிகள், திணைக்களங்கள், கூட்டுத்தாபனங்கள், அவற்றின் விலைமனுக் கோரல் அறிவித்தல்கள். ஒரு பத்திரிகையைத் தண்டிக்கத் தடை போட வேண்டியதில்லை, அடுத்த மாதத்து அறிவித்தல்களை வேறு பேப்பருக்குக் கொடுத்தால் முடிந்தது. தமிழ்ப் பத்திரிகைகளுக்கு மரண அறிவித்தல் என்று ஒரு தனி வருமானம் இருந்தது. அம்மாவின் தலைமுறை வீரகேசரியைப் பின்பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்கும். யார் செத்தது, எந்த ஊர், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்பது தெரிந்த பிறகுதான் அரசியல். ஆயிரம் குடும்பங்கள் சின்னச் சின்னத் தொகையாகக் கொடுக்கிற இந்தக் காசுக்கு எந்த அமைச்சரும் கடிவாளம் போட முடியாது. அதில் பெரும்பகுதி இப்போது புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து நடத்தப்படும் இணையதளங்களுக்குப் போய்விட்டது. ஊடக சுதந்திரம் பற்றிய கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை. மரண அறிவித்தல் கௌரவமான தலைப்பு இல்லை போல.

சுருக்கமாக, என்ன எழுதலாம் என்பதை ஆசிரியர்பீடமே தீர்மானிக்கிற நிலைக்கு ஆசிரிய சுயாதீனம் என்று பெயர், அதைத் தின்பவை பெரும்பாலும் கட்டளைகள் அல்ல. காசு வருகிற வழியும், அதை நினைத்து முன்கூட்டியே வருகிற பயமும்தான்.

வெறும் பயமும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006 மே 2 அன்று உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். சண்டே லீடரைத் தன் சகோதரரோடு சேர்ந்து நடத்திய லசந்த விக்கிரமதுங்க, 2009 ஜனவரி 8 அன்று வேலைக்குப் போகிற வழியில் கொல்லப்பட்டார். அவர் முதலாளியும்தான், ஆசிரியரும்தான். வெளியே இருந்து வருகிற கையை உடைமை தடுக்காது.

## இணையம் எதை மலிவாக்கியது?

அப்புறம் இணையம் வந்தது, செய்தித் தளங்களும் வந்தன. தமிழ்நெற் 1997-இல், கிரவுண்ட்வியூஸ் 2006-இல், அதை நடத்திய மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் தமிழ் முகமாகப் பிறகு மாற்றம் தளம், வெளிநாட்டிலிருந்து 2011 முதல் கொழும்பு ரெலிகிராப். கலியாணச் சமையல் கணக்கு தலைகீழானது. அண்டா வேண்டாம், அடுப்பு வேண்டாம், லொறி வேண்டாம். ஒரு மடிக்கணினியும் தொடர்பும் இருந்தால் ஒரே விநாடியில் வவுனியாவுக்கும் போகும், டொரொன்டோவுக்கும் போகும். பெரிய நிறுவனங்களின் வாசலில் நின்ற காவற்காரன் போய்விட்டான்.

எல்லாரும் பிழை விடுகிற இடம் இதுதான். மலிவானது அச்சும் விநியோகமும். செய்தி சேகரிப்பது மலிவாகவில்லை. முல்லைத்தீவுக்குப் போய் இரண்டு நாள் நின்று காணி பறிபோனவர்களோடு கதைக்க 1990-இலும் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வேண்டும், இன்றைக்கும் வேண்டும். நீதிமன்ற வாசலில் நாள் முழுக்க நிற்க, ஆவணத்தைச் சரிபார்க்க, வழக்கு வந்தால் சட்டத்தரணி பிடிக்க, எல்லாவற்றுக்கும் வேண்டும். அதனால்தான் இணையத்தில் அபிப்பிராயம் வெள்ளமாக ஓடுகிறது, செய்தி சொட்டுச் சொட்டாக வருகிறது. அறைக்குள் இருந்து கமராவைப் பார்த்து ஒன்றரை மணித்தியாலம் கத்துவதற்குச் செலவில்லை. சலூனில் 'உண்மை' என்று சொல்லப்படுவதில் பாதி, காலையில் பேப்பரில் வந்ததை மாலையில் கோபமாக வாசித்துக் காட்டுவது.

செலவு குறைந்த ஒரு நல்ல கருவியையும் மறக்காமல் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தப் பத்திரிகையாளர் அடையாள அட்டை தேவையில்லை, பிரஜையாக இருந்தால் போதும். பிரதேச சபையிடம் வீதி ஒப்பந்தக் கணக்கைக் கேட்டு எழுதுகிற ஒரு தனி ஆள், நல்ல செய்தியாளர் என்று நான் சொல்வேன், அவரிடம் பதினைந்து வாசகர்கள்தான் இருந்தாலும்.

## சுயாதீனம் என்றால்?

'சுயாதீன ஊடகம்' என்றதும் பக்கம் சாராதது என்று நினைத்துவிடுகிறோம். அது நடுநிலை, வேறு விஷயம். சிங்களத்தில் விக்டர் ஐவன் 1986 முதல் நடத்திய ராவய பக்கம் சாராத பத்திரிகையா? காரசாரமாகப் பக்கம் எடுத்த பத்திரிகை. அந்தப் பக்கத்தை எந்தக் கட்சியோ பெரும் வர்த்தக நிறுவனமோ அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை, அதுதான் விஷயம். காசு தருகிற எவரும் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்க முடியாத ஊடகம் சுயாதீன ஊடகம். அதில் வலுவான அபிப்பிராயம் இருக்கலாம், பிழைகூட இருக்கலாம்.

இந்த அளவுகோலை இணையத்துக்கும் வைக்க வேண்டுமே. முதலாளி இல்லாத தளத்துக்குக் காசு எங்கிருந்து? நம் நாட்டில் பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்குவதாலேயே யாரும் கெட்டுவிடுவதில்லை, 'டொலர் காக்கைகள்' என்று ஏசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் நன்கொடைக்கும் விளம்பரத்துக்கும் ஒரு குணம் பொது: தருகிறவர் நிறுத்தலாம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது உலகம் முழுக்க எத்தனையோ சின்ன ஊடகங்கள் ஒரே வாரத்தில் ஆடிப்போயின. யாரும் அவர்களிடம் எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசகர் சந்தா இதைவிட உறுதி, ஆனால் பிளேன்டீக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற நாங்கள் செய்திக்கு மாதம் இருநூறு ரூபாய் கேட்டால் ஓடி ஒளிகிறோம், நானும் சேர்த்து.

## வீதி யாருடையது?

சரி, காசுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டீர்கள் என்றே வைப்போம். கடை உங்களுடையது, குசினியும் உங்களுடையது. கடைக்கு வருகிற வீதி?

செய்தித் தளத்தின் முகவரியைத் தட்டிப் போய் வாசிப்பவர்கள் எத்தனை பேர்? முகநூலில் கண்ணில் பட்டால், வட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால், யூடியூப் முன்னால் கொண்டுவந்து வைத்தால் பார்க்கிறோம். யாருக்கு எதைக் காட்டுவது என்று அங்கே தீர்மானிக்கிற கணக்கு விதிகளை அல்கோரிதம் என்கிறோம். பழைய நாளில் பேப்பரை வாசலில் எறிந்த பையன் எந்தப் பக்கத்தை நீங்கள் பார்க்கலாம் என்று தீர்மானிக்கவில்லை, இவன் தீர்மானிக்கிறான். 2023 ஓகஸ்டில், செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கச் சொன்ன கனடாவின் புதுச் சட்டத்தோடு மோதிய மெட்டா நிறுவனம், அந்த நாட்டில் இருப்பவர்களுக்கு முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளைக் காட்டுவதையே நிறுத்திவிட்டது. எந்த நாட்டுச் செய்தி நிறுவனமானாலும் அதே கதைதான். கொழும்பிலிருந்து எழுதுகிற தமிழ்த் தளத்துக்கு வாசகரும் நன்கொடையாளரும் ஸ்காபரோவில்தான் இருக்கிறார்கள் என்றால் அந்த இழப்பு எப்படி என்று பாருங்கள். ஒட்டாவாவில் சண்டை, வெள்ளவத்தையில் இருட்டு.

வீதியை மறிக்க அரசாங்கத்துக்கும் தெரியும். தமிழ்நெற் 2007-இலிருந்தே இங்கே தடுக்கப்பட்டது. 2011 நவம்பரில் பல செய்தித் தளங்களை முடக்கி, இணையதளங்கள் அமைச்சில் பதிய வேண்டும் என்றார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்களையே மூடினார்கள். 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பதிவுகளை நீக்கவும் தளங்களை முடக்கவும் பணிக்கக்கூடிய ஓர் ஆணைக்குழுவுக்கு வழி செய்திருக்கிறது. அச்சகத்துக்குச் சீல் வைக்கப் பொலிஸ் ஜீப் போக வேண்டியிருந்தது, இதற்குச் சேவை வழங்குநருக்கு ஓர் அறிவித்தல் போதும்.

## நீங்களே பார்ப்பதென்றால்

ஒரு தளத்தையோ பேப்பரையோ நம்பலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்குப் போங்கள் என்பதுதான். ஆட்களின் பெயர் இருக்கிறதா, காசு எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருக்கிறதா, விட்ட பிழையைத் திருத்தியதாக எப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்களா. பிறகு ஒரு மாதத்துச் செய்திகளைப் புரட்டி, அவர்களுக்கு விளம்பரமோ நன்கொடையோ தருகிறவரைப் பற்றி ஒரு கெட்ட செய்தியாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். இது கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் வேறு எதையும்விட அதிகம் சொல்லும்.

கம்பனியாகப் பதிந்திருந்தால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் கட்டிக் கோப்பைப் பார்க்கலாம், பணிப்பாளர் யார், பங்குதாரர் யார் என்று அதில் இருக்கும். எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பும் வெரிட்டே ரிசேர்ச் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2018-இல் நம் நாட்டுப் பெரிய ஊடகங்களின் உரிமையாளர் விபரங்களைத் திரட்டி இணையத்தில் போட்டார்கள், அங்கிருந்தும் தொடங்கலாம். ஆனால் பங்குதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கம்பனியின் பெயர் இருந்தால், அந்தக் கம்பனியின் கோப்பையும் எடுங்கள். அதிலும் ஒரு கம்பனி இருந்தால், அதையும்.